பிங்க் டாட்: கண்ணுக்கு நாலரை, காதுக்கு இரண்டு

சிங்கப்பூரின் ஹோங் லிம் பூங்கா, ஆண்டுக்கு ஒரு சனிக்கிழமை, நுழைவுக் கட்டணம் இல்லை. தன்பாலீர்ப்பாளருக்கும் திருநருக்கும் ஆதரவாகக் கூடும் பிங்க் டாட் நிகழ்ச்சியின் விலைப்பட்டியல் அவ்வளவுதான். அதன் அரசியலை அலசியவர்கள் ஏராளம். இந்த மதிப்புரை அந்தப் பக்கம் போகவில்லை. ஆட்டிசம், ஏடிஹெச்டி, டிஸ்லெக்சியா என்று மூளை வேறு தினுசாக வேலை செய்யும் ஒரு தமிழர், தன் ஈர்ப்போ பாலினமோ ஊர் வழக்கத்துக்குள் அடங்கவில்லை என்று உள்ளுக்குள் சந்தேகப்படும் ஒருவர், அங்கே போனால் அவருக்கு என்ன கிடைக்கும், எது வலிக்கும், பையில் எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே இங்கே கேள்வி. ஒரு சேவையை எடை போடுவது போலத்தான் எடை போட்டிருக்கிறோம்.

இரண்டும் ஒரே ஆளிடம் சேர்வது அபூர்வம் என்று நினைத்துவிட வேண்டாம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்ட ஆய்வு ஏறத்தாழ 640,000 பேரின் தரவுகளைப் பார்த்தது. திருநரும் ஆண், பெண் என்ற வகைக்குள் தம்மை வைக்காதவர்களும் மற்றவர்களைவிட 3 முதல் 6 மடங்கு அதிகமாக ஆட்டிசம் உடையவர்களாக இருந்தார்கள். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்றுதான் இதற்கு அர்த்தம். ஒன்று மற்றதை உண்டாக்குகிறது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. இதை ஓரமாகக் குறித்து வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதலில் கண்ணுக்கு ஏன் ஐந்துக்கு நாலரை.

"நாலு பேர் என்ன சொல்வாங்க" என்ற கேள்வியைக் கேட்காமல் எந்தத் தமிழ்ப் பிள்ளையும் வளர்ந்ததில்லை, சிங்கப்பூரின் வீவக அடுக்குமாடி வீட்டிலும் சரி, தஞ்சாவூரிலும் சரி. அந்த நாலு பேரை யாரும் பார்த்ததில்லை. சூழலை மோப்பம் பிடிக்கத் தெரிந்த பிள்ளைகள் ஒரு வயதில் புரிந்துகொள்கிறார்கள்: அந்த நாலு பேர் சில நேரம் கண்டுகொள்ள மாட்டார்கள், அவர்களிலும் இரண்டு பேர் ரகசியமாக நம் கட்சி. சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்ளும் பிள்ளைக்கு இந்த நெளிவுசுளிவு எட்டுவதில்லை. அதற்கு நாலு பேர் என்றால் நாலு நீதிபதிகள்.

இன்னொன்றும் நடக்கிறது. "காலை ஆட்டாதே, வீட்டுக்கு ஆகாது", "பெரியவங்க பேசினா முகத்தைப் பார்", "கையை உதறாதே" என்பவை வரும் அதே சோபாவிலிருந்து, அதே குரலில், "ஆம்பளப் புள்ள அழலாமா", "பொம்பளப் புள்ள இப்படியா உக்காருவா" என்பவையும் வருகின்றன. பிள்ளை இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து வைப்பதில்லை. உடம்பு தானாகச் செய்வதெல்லாம் தப்பு என்று ஒரே கணக்கில் எழுதிக்கொள்கிறது. அதனால்தான் ஒன்றை அவிழ்த்தால் மற்றதும் தளர்கிறது. ஆண்கள் இருவர் கைகோத்து நடப்பதைப் பார்த்த ஒருவர், வீட்டுக்கு வந்து பல வருடங்களுக்குப் பிறகு காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அதில் ஆச்சரியம் இல்லை.

ஆட்டிசம் உடைய பெரியவர்கள் தம்மை எவ்வளவு மறைத்து வாழ்கிறார்கள் என்பதை அளக்க 2019-ல் ஒரு கேள்வித்தாள் வந்தது. அதன் சுருக்கப் பெயர் கேட்-க்யூ. 25 கூற்றுகள், மூன்று பிரிவுகள்: குறையை ஈடுகட்டுவது, மறைப்பது, கூட்டத்தோடு கலந்துபோவது. பேச்சுக்கு முன்பே வசனம் தயாரிப்பது, முகபாவத்தைப் பார்த்துப் பழகுவது, பேசும்போதே தன்னைத் தானே கண்காணிப்பது என்று அது கேட்கும் சங்கதிகளை, வீட்டில் சொல்லாமல் வாழும் ஒரு தன்பாலீர்ப்பாளரிடம் நீட்டிப் பாருங்கள். பாதிக்கு மேல் தலையாட்டுவார். இரண்டு முகமூடி என்று சொல்கிறோம், உண்மையில் தையல் ஒன்றுதான்.

கண்ணால் பார்ப்பது இவர்களுக்கு ஊக்கத்தைவிடத் தகவலாகவே அதிகம் உதவுகிறது. ஆட்டிசம் உடையவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தம் உணர்ச்சி எது என்று பெயர் வைப்பதே கடினம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. வயிற்றில் ஏதோ பிசைகிறது. பசியா, பயமா, காதலா தெரியாது. இப்படிப்பட்டவரிடம் "உன் மனசைக் கேள்" என்பது வீண் யோசனை. 50 வயதுக்கு மேற்பட்ட இணையர் ஒரே விசிறியை மாற்றி மாற்றி வீசிக்கொள்வது, ஒருத்தி மேடைக்கு முதுகு காட்டிப் பாயில் படுத்துப் புத்தகம் வாசிப்பது, ஓர் அம்மா தன் மகனின் காதலனுக்குத் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கொடுப்பது: இவையெல்லாம் அவருக்கு மாதிரிகள், இதைப் போன்றதுதான் எனக்கு உள்ளே இருப்பதும் என்று ஒப்பிட்டுப் பார்க்க. 2009 மே 16-ல் நடந்த முதல் நிகழ்ச்சிக்கு ஏற்பாட்டாளர்கள் கணக்குப்படி 2,500 பேர். 2015-ல் 28,000. எண்களை நம்பும் மூளைக்கு இதைவிட நல்ல வாதம் கிடையாது: நாலு பேர் எதிரே இருபத்தெட்டாயிரம்.

சட்டத்தின் கதையும் இதே மாதிரிதான். ஆண்களுக்கு இடையிலான உறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவு இருக்கும், ஆனால் முனைந்து அமலாக்க மாட்டோம் என்று 2007-ல் நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்டது. "அது சும்மா பேப்பர்ல இருக்கு" என்று பெரும்பாலோர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார்கள். எழுதிய விதியை எழுதியபடி படிக்கும் மூளைக்கு அந்தத் தோள் குலுக்கல் வராது. குற்றம், ஆனால் பிடிக்க மாட்டோம் என்பது அதற்குத் தீராத கணக்கு. 2022 ஆகஸ்ட் 21-ல் தேசிய தினப் பேரணி உரையில் நீக்கம் அறிவிக்கப்பட்டது, நவம்பர் 29-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது, 2023 ஜனவரி 3-ல் பிரிவு காலாவதியானது. திருமணத்தின் வரையறையை நீதிமன்ற வழக்கிலிருந்து காக்கும் அரசமைப்புத் திருத்தமும் அதே நவம்பர் நாளில்தான் நிறைவேறியது. பிடிக்கிறதோ இல்லையோ, கோடு எங்கே என்று இப்போது தெரிகிறது. இந்தத் தெளிவின் அருமை இவர்களுக்குத்தான் அதிகம் தெரியும்.

இரு சாராரின் பழைய வரலாறும் ஒரே வளாகத்தில் ஓடியது என்பது பலருக்குத் தெரியாது. ஆட்டிசம் உடைய குழந்தைகளை வெகுமதியாலும் தண்டனையாலும் "சாதாரணமாக" நடக்கப் பழக்கிய ஐவார் லோவாஸ், கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் இருந்தார். ஒரு சிறுவனின் "பெண்மை" நடத்தையை அதே உத்தியால் மாற்றுவது பற்றி 1974-ல் ஜார்ஜ் ரெக்கர்ஸுடன் சேர்ந்து கட்டுரை எழுதியவரும் அவரே. அதற்கு முந்தைய ஆண்டுதான், 1973-ல், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்திருந்தது. ஆட்டிஸ்டிக் பெருமித நாளை 2005-ல் ஜூன் 18 என்று தொடங்கியவர்கள், தன்பாலீர்ப்பாளரும் திருநரும் நடத்தும் பிரைடு (பெருமிதம்) ஊர்வலங்களைப் பார்த்துத்தான் அந்தச் சொல்லையே எடுத்தார்கள். 2022 பிங்க் டாட் அதே ஜூன் 18-ல் வந்தது தற்செயல்தான். ஆனாலும் நல்ல தற்செயல்.

அங்கிருந்து எடுத்துக்கொள்ளக்கூடிய பழக்கங்களில் ஆகச் சிறந்தது நெஞ்சில் குத்தும் வில்லை. தன்னை எப்படிக் குறிப்பிட வேண்டும் என்று ஒருவர் எழுதிக் குத்திக்கொள்வது குயர், அதாவது ஈர்ப்போ பாலினமோ வழக்கத்துக்குள் அடங்காதவர்களின், கூட்டங்களில் சகஜம். ஆட்டிஸ்டிக் மக்கள் தாங்களே நடத்தும் கூட்டங்களில் இதற்கு ஒரு தம்பி உண்டு: மூன்று நிற அட்டை. சிவப்பு என்றால் யாரும் பேச்சுத் தொடங்காதீர்கள். மஞ்சள் என்றால் ஏற்கெனவே தெரிந்தவர்கள் மட்டும். பச்சை என்றால் பேச ஆசை, ஆனால் எனக்குத் தொடங்கத் தெரியவில்லை, நீங்களே வாருங்கள். இரண்டின் அடிப்படையும் ஒன்று: ஊகிக்காதே, எழுதியிருப்பதைப் படி. பிங்க் டாட்டில் மூன்று நிற அட்டையைப் பார்த்ததும் எல்லாருக்கும் புரியும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நிறத்தோடு ஒரு வரியும் எழுதிக்கொள்ளுங்கள். பச்சைப் பின்னணியில் சூரியகாந்தி போட்ட கழுத்துப் பட்டை, 2016-ல் கேட்விக் விமான நிலையத்தில் தொடங்கியது, இன்னொரு வழி. வெளியே தெரியாத குறைபாடு எனக்கு உண்டு என்பதை மட்டும் அது சொல்லும், எது என்று சொல்லாது. தெரிந்தவர் கண்ணில் படக்கூடாது என்று அஞ்சுபவருக்கு அந்தப் பட்டையே போதும்.

இனி காது.

பூங்கா ஒரு ஹெக்டேருக்கும் குறைவு. ஜூன் மாதப் பிற்பகல், 31, 32 பாகை, காற்றில் ஈரம். ஆயிரக்கணக்கானோர், நாய்கள், குழந்தைகள், சன்ஸ்கிரீன் வாசனை, பல சாவடிகளிலிருந்து ஒரே நேரத்தில் வரும் குரல்கள், மாலையில் மேடை இசை. புலன்கள் கூர்மையான ஒருவருக்கு இது ஒரே நேரத்தில் ஐந்து வானொலி. ஏற்பாட்டாளர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. திறந்தவெளியில் கூட்டம் கூடினால் இப்படித்தான் இருக்கும். ஆனால் காதுக்கு இரண்டுக்கு மேல் தர முடியாது.

திட்டம் நேரத்தில் தொடங்குகிறது. அந்த ஆண்டின் நிகழ்ச்சி நிரலைப் பார்த்து, சாவடிகள் திறக்கும் நேரத்துக்கே போங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் கூட்டமும் குறைவு, மேடையும் பெரும்பாலும் அமைதி. தாள்கள் வாங்குவது, கேள்வி கேட்பது, நிற்பவர்களைப் பார்ப்பது எல்லாவற்றையும் அப்போதே முடியுங்கள். 40 நிமிடம், பிறகு வெளியே. கிளார்க் கீ எம்ஆர்டி நிலையம் பூங்காவை ஒட்டியே இருக்கிறது. அதன் மேலுள்ள கடைத்தொகுதியில் குளிரூட்டலும் கழிவறையும் உண்டு. ஹோங் லிம் உணவங்காடி நிலையம் நடக்கும் தூரம்தான், ஆனால் அலுவலகக் கூட்டத்தை நம்பியிருப்பது, பிற்பகலிலேயே சாத்திவிடும் கடைகள் நிறைய. முன்னாலேயே சாப்பிட்டுவிடுங்கள். ஆற்றங்கரைப் பக்கம் அமைதி தேடிப் போக வேண்டாம்; சனிக்கிழமை மாலை கிளார்க் கீ இன்னொரு இரைச்சல் கிடங்கு.

சூரியன் ஏழேகால் வாக்கில் மறைகிறது. விளக்குகளை உயர்த்திப் பிடிக்கும் கட்டம் இருட்டிய பிறகு. அதைப் பார்க்க வேண்டும் என்றால் ஓரமாக, ஒலிபெருக்கிகளிலிருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி நில்லுங்கள். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும். 10 மீட்டரிலிருந்து 40 மீட்டருக்குப் போனாலே 12 டெசிபெல் மிச்சம். காசு கொடுத்து வாங்கும் சில காதடைப்பான்கள் தரும் அளவு அது.

காதடைப்பான்கள் இரண்டு வகையும் வேண்டும். கடைகளில் கிடைக்கும் நுரைப்பஞ்சு வகை உறையில் 30 டெசிபெல் வரை போட்டிருக்கும், சரியாகச் செருகினால்தான் அதில் பெரும்பகுதி கிடைக்கும். மெல்லிய குச்சியாக உருட்டுங்கள், எதிர்க் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னும் இழுங்கள், செருகி 30 விநாடி விரலால் பிடித்திருங்கள். பாதிக்கு மேல் வெளியே துருத்திக்கொண்டிருந்தால் அது வேலை செய்யவில்லை. பஞ்சு உயர்ந்த ஓசைகளை அதிகமாக வெட்டுவதால் எதிரே இருப்பவர் தலையணைக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கும். பேச்சைப் பிரித்துக் கேட்கவே சிரமப்படுபவருக்கு இது எரிச்சல். சாவடியில் பேச, இசைக்கலைஞர்கள் பயன்படுத்தும் வடிகட்டி வகை: எல்லா ஓசைகளையும் ஏறத்தாழ ஒரே அளவு, 12 முதல் 20 டெசிபெல் வரை, குறைக்கும். மேடைக்குப் பஞ்சு, பேச்சுக்கு வடிகட்டி. காது முழுவதையும் மூடும் பெரிய கவசம் நம் ஊர் வெயிலில் அரை மணியில் வியர்வைக் கிண்ணமாகிவிடும். கடைசி ஆயுதமாகப் பையில் இருக்கட்டும்.

ஏடிஹெச்டிக்கு மாத்திரை எடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று. நீண்ட நேரம் வேலை செய்யும் மெத்தில்பெனிடேட் காலை எட்டு மணிக்குப் போட்டால், வகையைப் பொறுத்து மாலை நாலு முதல் எட்டு மணிக்குள் இறங்கிவிடும். இசை ஏறும் அதே நேரத்தில் மாத்திரை இறங்குகிறது. சிடுசிடுப்பு, கண்ணீர், "எதுக்குடா வந்தோம்" என்ற சலிப்பு எல்லாம் அப்போது வந்தால் அது நிகழ்ச்சியின் தீர்ப்பு அல்ல, மாத்திரையின் கடிகாரம். மருத்துவரைக் கேட்காமல் இன்னொன்று போடாதீர்கள். மாத்திரை பசியை அமுக்கிவிடும், தாகம் புலப்படாதவர்களும் உண்டு. கைப்பேசியில் 30 நிமிடத்துக்கு ஒரு அதிர்வு வையுங்கள், ஒவ்வொரு அதிர்வுக்கும் நாலு மடக்குத் தண்ணீர். ஒன்றரை லிட்டர் குறைந்தபட்சம்.

துணைக்கு வருபவருக்கு: கூட வந்தவர் திடீரென்று பேச்சிழந்து நின்றால் "என்ன ஆச்சு, என்ன ஆச்சு" என்று அடுக்காதீர்கள். ஒவ்வொரு கேள்வியும் இன்னொரு இரைச்சல். தொடாதீர்கள். ஒளியும் ஒலியும் குறைந்த பக்கம் நீங்கள் முன்னால் நடங்கள், அவர் பின்னால் வருவார். வருபவர் முன்பே கைப்பேசியில் தட்டிவைத்துக் காட்டுவதற்கு: "காது நிறைஞ்சிடுச்சு. பேச வரல. பத்து நிமிஷம் தள்ளி நிக்கணும். பயப்பட ஒண்ணும் இல்லக்கா." அக்காவா அண்ணனா என்பதை வீட்டிலேயே மாற்றிக்கொள்ளுங்கள், கூட்டத்தின் நடுவில் அதற்கும் மூளை ஒத்துழைக்காது.

வெளியேறுவது: விளக்குக் கட்டம் முடிந்ததும் எல்லாரும் கிளார்க் கீ நிலையத்துக்குத்தான் பாய்வார்கள். 15 நிமிடம் முன்பே கிளம்புங்கள், அல்லது சைனாடவுன் நிலையத்துக்கு நடந்துவிடுங்கள்.

இனி, எங்கே பிசகுகிறது.

பழைய முகமூடியைக் கழற்றிய இடத்திலேயே புதியது ஒன்றை மாட்டிக்கொள்வதுதான் பெரிய பிசகு. குயர் என்றால் கலகலப்பு, நடனம், சட்டென்று வரும் நக்கல், பாப் இசை அறிவு என்று ஒரு வார்ப்பு இருக்கிறது. அதற்குள் பொருந்தாத ஆட்டிஸ்டிக் ஒருவர், "இங்கேயும் நான் தோத்துட்டேன்" என்று திரும்புவதுண்டு. மேடையில் தெரிவது ஒரு வகை மட்டுமே. பூங்காவின் ஓரங்களைப் பாருங்கள்; தனியாக உட்கார்ந்திருப்பவர்கள், கையில் எதையோ உருட்டிக்கொண்டிருப்பவர்கள், யாரிடமும் பேசாமல் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டுப் போகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் இருப்பார்கள்.

அடுத்தது இரவு பத்து மணிப் பிசகு. மனம் பொங்கி நிற்கும், யோசிக்கும் முன்பே விரல் ஓடும், "நம்ம குடும்பம்" வாட்ஸ்அப் குழுவில் படம் போய்விடும். பெரியப்பா முதல் பினாங்கு அத்தை வரை 43 பேர் பார்த்தபின் அழிப்பதில் பயனில்லை. 72 மணி நேர விதி வைத்துக்கொள்ளுங்கள்: சொல்ல நினைப்பதைக் குறிப்பேட்டில் எழுதி, செவ்வாய்க்கிழமை இரவு மறுபடி படித்து, அப்போதும் சரி என்று பட்டால் ஒரே ஒருவரிடம் மட்டும் சொல்வது. வீட்டில் தங்க இடம் இல்லாமல் போகும் அபாயம் துளி இருந்தாலும், மாற்று இடம் உறுதியாகும்வரை சொல்லாமல் இருப்பது கோழைத்தனம் அல்ல.

மூன்றாவது, மறுநாள் சரிவு. ஞாயிற்றுக்கிழமையைக் காலியாக வையுங்கள். தேக்கா சந்தை, உறவினர் வீட்டு வளைகாப்பு எதுவும் வேண்டாம். உடம்பு அடித்துப் போட்டது போல இருப்பதும், அழுகை வருவதும், திங்கட்கிழமை அலுவலகத்தில் பேச்சு திக்குவதும் எதிர்பார்க்க வேண்டியவை.

நான்காவது நம் பிசகு அல்ல, மற்றவர்களுடையது: "அவனுக்கு ஆட்டிசம், அதனாலதான் இந்தக் குழப்பம்." முன்னே குறித்து வைக்கச் சொன்னது இதற்காகத்தான். தொடர்பு இருப்பது குழப்பத்துக்குச் சான்று ஆகாது. ஒன்றை வைத்து மற்றதை மறுப்பது குடும்பத்திலும் நடக்கும், சில நேரம் ஆலோசனை அறையிலும் நடக்கும். இப்படி ஒரு வாக்கியம் ஆலோசகர் வாயிலிருந்து வந்தால் ஆளை மாற்றுங்கள்.

யார் உள்ளே போகவே முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2017 முதல் ஸ்பீக்கர்ஸ் கார்னர் (ஹோங் லிம் பூங்காவிலுள்ள பேச்சுத்திடல்) நிகழ்ச்சிகளில் சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டுமே கலந்துகொள்ளலாம். ஓரமாக நின்று பார்ப்பதும் கலந்துகொள்வதாகவே எடுத்துக்கொள்ளப்படும். அந்த ஆண்டு தடுப்பு வைத்து அடையாள அட்டை பார்த்தார்கள். கைப்பேசியை நம்பாமல் அட்டையையே எடுத்துப்போங்கள். வேலை அனுமதியில் இருக்கும் தமிழ்நாட்டுத் தமிழர்களுக்கு, எண்ணிக்கையில் அவர்கள் கொஞ்சமல்ல, இந்தக் கதவு மூடியிருக்கிறது. ஆனால் 2020-லும் 2021-லும் தொற்றுக்காலத்தில் நிகழ்ச்சி முழுக்க இணையத்திலேயே நடந்தது. ஒலியை இரண்டில் வைத்து, வேண்டும்போது நிறுத்தி, வீட்டு விசிறிக்கடியில் பார்ப்பது நரம்புக்கு எவ்வளவு இதம் என்பதை அந்த இரண்டு ஆண்டுகளும் காட்டின. சொல்லப்போனால், பலருக்கு அதுவே மேல்.

ஆண்டு முழுவதும் இருக்கும் சேவைகளில், 1999-லிருந்து இயங்கும், தன்பாலீர்ப்பாளருக்கும் திருநருக்கும் உதவும் ஊகாசாகா அமைப்பின் எழுத்து வழி ஆலோசனை இவர்களுக்குப் பொருத்தம். வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் பேசலாம். கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை, பதிலுக்கு முன் யோசிக்கலாம், சொன்னதைத் திரும்பப் படிக்கலாம். வாட்ஸ்அப் சேவைக்குக் குறிப்பிட்ட நேரங்கள் உண்டு, முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். முதல் செய்தியில் மூன்று சங்கதி போதும்: எனக்கு ஆட்டிசம் அல்லது ஏடிஹெச்டி உண்டு, கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேளுங்கள், உருவகமாகப் பேசாதீர்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் நேரம் பார்க்க வேண்டாம், சமாரிட்டன்ஸ் அமைப்பின் உதவி எண் 1767-ல் எந்த நேரமும் எடுப்பார்கள். பொங்கோல் வட்டார நூலகத்தில் அமைதிக் கூடுகள் இருக்கின்றன. வீட்டில் தனி அறை இல்லாதவர் இதையெல்லாம் தட்டச்சு செய்ய நல்ல இடம்.

கடைசியாகத் தமிழ். இதற்கு ஐந்துக்கு ஒன்று. மேடையும் சாவடித் தாள்களும் பெரும்பாலும் ஆங்கிலம். ஆங்கிலத்தில் தன்னைப் புரிந்துகொண்ட பிள்ளை, வீட்டில் அம்மாவிடம் சொல்ல வரும்போது வாயில் சொல் இல்லாமல் நிற்கிறது. இருக்கும் சொல்லும் சரியில்லை: ஆட்டிசத்துக்கு "மதியிறுக்கம்" என்று போட்டால் மதியில் ஏதோ கோளாறு என்றுதான் எந்த அப்பாவும் படிப்பார். "ஆட்டிசம்" என்றே சொல்லிவிடலாம். மறுபக்கம் நிலைமை தேவலை. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021-ல் விசாரிக்கத் தொடங்கிய வழக்கின் விளைவாக, 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசே ஒரு சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. பால்புதுமையர் (குயர்), தன்பாலீர்ப்பு, திருநர், ஊடுபால் (பிறப்பிலேயே ஆண், பெண் வகைக்குள் அடங்காத உடல்) எல்லாம் இன்று கூசாமல் சொல்லக்கூடிய சொற்கள். தனக்கு இந்த விஷயம் தெரியாது என்பதை அந்த நீதிபதி ஒளிக்காமல் எழுதி, உளவியலாளரிடம் பாடம் கேட்டதும் பதிவில் இருக்கிறது. அப்பாக்களிடம் எடுத்துச் சொல்ல ஏற்ற சங்கதி. "இதெல்லாம் நம்ம ஆளுங்ககிட்ட கிடையாது" என்று சொல்பவரிடம், 1971-ல் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் சிங்கப்பூரின் முதல் பாலின மாற்று அறுவை சிகிச்சையைச் செய்தவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த பேராசிரியர் எஸ். எஸ். ரத்தினம் என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடிக்கலாம்.

நம் மொழியில் ஒரு வசதி ஆங்கிலத்தைவிட அதிகம். ஆங்கிலத்தைப் போலவே நான், நீ, நீங்க எதிலும் பால் இல்லை. அவன், அவள் மட்டும்தான் சிக்கல், அதற்கும் "அவங்க" தயாராக இருக்கிறது. "அவங்க வந்தாங்கன்னு சொல்லுங்கம்மா, போதும்" என்றால் எந்த அம்மாவுக்கும் புது இலக்கணம் தேவையில்லை. மரியாதை கூடிவிட்டது என்றே நினைப்பார்.

சாவடி போடும் யாராவது இதையெல்லாம் தமிழில் ஒரு பக்கமாக அச்சடிப்பதென்றால் சில குறிப்புகள். ஏ4 தாள், வெள்ளையை விட வெளிர் மஞ்சள் நல்லது, பளபளப்பு வேண்டாம். எழுத்து 14 புள்ளிக்குக் குறையக் கூடாது, வரி இடைவெளி ஒன்றரை, இடது ஓரம் மட்டும் நேராக. தடித்த, நெருக்கிய எழுத்துருவைத் தமிழுக்குப் போட்டால் மெய்யெழுத்தின் புள்ளி அடைந்துபோகும், "ன"வும் "ண"வும் ஒன்றாகத் தெரியும். டிஸ்லெக்சியா உள்ளவர் அங்கேயே நின்றுவிடுவார். பக்கத்துக்குப் பன்னிரண்டு சொற்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம். பின்பக்கம் காலியாக இருக்கட்டும், அம்மா கேள்வி எழுதுவதற்கு.